பீஸ் லில்லி பேருக்குள்ள இருக்கிற 'வாலிஸ்' யாரு?

செடிக்கடை, திருவட்டாறு:

எல்லாருக்கும் வணக்கம். திருவட்டாறு பக்கம் ரோட்டோரமா சின்னதா ஒரு நர்சரி வச்சிருக்கேன். குரோட்டன்ஸ், செம்பருத்தி, அடீனியம், கொஞ்சம் பழமரத் தைகள். பீஸ் லில்லி எப்பவும் உண்டு, நிழல்ல வளரும்னு வீட்டுக்குள்ள வைக்க நிறைய பேரு வாங்கிட்டுப் போறாங்க.

இந்த வருசம் ஒவ்வொரு செடிக்கும் ஒரு தகரப் பலகை எழுதி வைக்க ஆரம்பிச்சேன். நாம சொல்லுற பேரு, அறிவியல் பேரு, எவ்வளவு தண்ணி, எவ்வளவு வெயில், அவ்வளவுதான். எல்லாம் தமிழ் எழுத்திலயே எழுதுறேன். பீஸ் லில்லிக்கு 'ஸ்பாத்திபில்லம் வாலிசி'ன்னு எழுதியிருந்தேன்.

போன ஞாயித்துக்கிழமை ஒரு பாட்டியும் பேத்தியும் வந்தாங்க. பேத்திக்கு ஒரு ஒம்பது பத்து வயசு இருக்கும். பாட்டி கறிவேப்பிலைத் தை எடுத்துக்கிட்டு இருக்கும்போது பிள்ளை ஒவ்வொரு பலகையா உரக்க வாசிச்சுக்கிட்டே வந்தா. இந்தப் பலகைகிட்ட வந்ததும் நின்னுட்டா. "அத்தே, வாலிசின்னா என்ன?"ன்னு கேட்டா. எனக்குத் தெரியல. "ஒரு ஆளுக்க பேரா இருக்கும் மக்கா"ன்னு சொன்னேன். "யாரு அந்த ஆளு? எதுக்கு அவரு பேரு செடிக்கு?" அடுத்த ஞாயித்துக்கிழமை சொல்லுதேன்னு வாக்கு கொடுத்துட்டேன். அந்தப் பாட்டி வாராவாரம் சந்தைக்கு வாறவங்க, பிள்ளை கண்டிப்பா கேப்பா.

தேடிப் பாத்ததில 'ஜெர்மன் தோட்டக்காரர், தாவர சேகரிப்பாளர், பத்தொன்பதாம் நூற்றாண்டு'ன்னு ஒத்த வரிதான் கிடைக்குது. கடைக்கு வந்த ஒருத்தர் அவரு பெரிய வெள்ளைக்காரப் பிரபுன்னு சொன்னாரு. இன்னொருத்தர் இது தாய்லாந்துச் செடி, வாலிசின்னா வெள்ளைப்பூன்னு அர்த்தம்னாரு. எனக்கு செடி எல்லாம் ஆந்திராவில கடியத்தில இருந்து லாரியில வருது, அவங்ககிட்ட கேட்டா விலைதான் சொல்லுவாங்க.

ஒரு பிள்ளைகிட்ட தப்பாச் சொல்லிடக் கூடாதுன்னு இருக்கு. அவரு எப்படிப்பட்ட மனுசன், என்ன பாடுபட்டாரு, தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்க.


தோட்டக்கலை மாணவர், நாகர்கோவில்:

அக்கா, செடியைப் பத்தி நான் சொல்லுறேன்.

'வாலிசி'ன்னா 'வாலிஸுடைய'ன்னு அர்த்தம். லத்தீன் இலக்கணப்படி ஆள் பேருக்குப் பின்னால அந்த 'இ' வரும். வெள்ளைப்பூவுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. இந்தப் பேரை வச்சு அச்சில கொண்டு வந்தது எட்வார்ட் ரீகல்ங்கிற தாவரவியலாளர், 1877-ல். அவரும் ஜெர்மன்காரர்தான், ரஷ்யாவில செயின்ட் பீட்டர்ஸ்பர்க் தோட்டத்தில வேலை பாத்தவர். செடிக்குச் சொந்த ஊரு தாய்லாந்து இல்ல, தென்னமெரிக்காவில கொலம்பியா பக்கம்.

'ஸ்பாத்திபில்லம்'னா பாளை, இலை ரெண்டும் சேர்ந்த பேரு. நாம பூன்னு சொல்லுற அந்த வெள்ளை உண்மையில பூ இல்ல, தெங்குக்கு இருக்கிற மாதிரி பாளை. பாளையே இலை மாதிரி விரிஞ்சு நிக்குது. நடுவில திரி மாதிரி நிக்குது பாருங்க, அதில பொடிப்பொடியா ஒட்டியிருக்கிறதுதான் நிஜப் பூ.

இது நம்ம சேம்பு, சேனை குடும்பம். சேம்பு வேகாம தின்னா நாக்கு சொறியும்ல, அதே கால்சியம் ஆக்சலேட் ஊசி இதிலயும் உண்டு. சின்னப் பிள்ளைகளும் பூனையும் கடிக்காம பாத்துக்கிடணும்னு பலகையில கண்டிப்பா எழுதுங்க.

இன்னொரு விசயம். இப்ப விக்கிற பெரிய இலைச் செடிகள் பல இனங்களைக் கலந்து உண்டாக்கினவை. அசல் வாலிசி சின்னதா அடக்கமா நிக்கும். பெருசுக்கு 'ஸ்பாத்திபில்லம்'னு மட்டும் எழுதினா போதும்.

அந்த மனுசனைப் பத்தி கேக்கணும்னா நம்ம ஒட்டுக்கார அண்ணாச்சி வரட்டும்.


ஒட்டுக்காரன், குலசேகரம்:

பிள்ளே, இந்த ஆளைப் பத்தி ஒரு ஆளாவது கேட்டுச்சே. கொஞ்சம் நீளமா எழுதுவேன், பொறுத்துக்கிடணும்.

முப்பத்திநாலு வருசம் ரப்பர் தையில மொட்டு ஒட்டினவன் நான். எனக்குச் சின்னதிலேயே திக்குவாய். இன்னைக்கும் போனை எடுத்தா முதல் சொல்லு தொண்டையிலயே நிக்கும், எழுதினா தடை இல்லாம வரும். செடிப் பேருக்குள்ள இருக்கிற ஆளுகளை எல்லாம் ஒரு நோட்டில எழுதி வச்சிருக்கேன். போகன்வில்லாவுக்குள்ள ஒரு கப்பல் தலைவன், அரளி மாதிரி வாசலில வைக்கிற பிளுமேரியாவுக்குள்ள பிளுமியேன்னு ஒரு பிரெஞ்சுத் துறவி. அந்த நோட்டில நான் அதிகமாத் திருப்பிப் பாக்கிற பக்கம் வாலிஸுக்க பக்கம்.

முழுப்பேரு குஸ்தாவ் வாலிஸ். 1830 மே 1-ல் லூனெபர்க்ங்கிற ஊரில பிறந்தாரு, வட ஜெர்மனியில. உப்புக்குப் பேர்போன ஊரு. நம்ம புத்தளத்தில பாத்தி கட்டி வெயிலில வத்த வைப்போம், அவங்க நிலத்துக்கு அடியில ஊறுற உப்புத்தண்ணியை எடுத்துக் காய்ச்சினவங்க. அப்பா வக்கீல். பிள்ளைக்கு ஆறு வயசு வரைக்கும் பேச்சு வரல. அதுக்கப்புறம் வந்துச்சு, ஆனா தடங்கல் கடைசிவரைக்கும் விட்டுப் போகல. பேச்சு வந்த அதே வயசில அப்பா போயிட்டாரு. அம்மா பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு தனக்க பிறந்த ஊரான டெட்மோல்டுக்குப் போயிட்டாங்க.

டெட்மோல்டைச் சுத்தி மலையும் காடும். பேசினாச் சிரிக்கிற ஊரில பேசாத பிள்ளைக்குக் காடு எவ்வளவு பெரிய துணைன்னு எனக்குத் தெரியும். என்னைப் பள்ளிக்கூடத்தில எழுப்பி வாசிக்கச் சொல்லுவாங்க. முதல் எழுத்து வராது. வகுப்பே காத்துக்கிட்டு இருக்கும். மத்தியானம் வீட்டுக்குப் போகாம ஓடைக்கரையில போய் இருப்பேன். அங்க யாரும் என்கிட்ட கேள்வி கேக்க மாட்டாங்க.

பதினாறு வயசில அவரை நகைத்தொழிலுக்கு விட்டாங்க. பிடிக்கல. அதை விட்டுட்டு டெட்மோல்டிலயே தோட்டவேலை படிச்சாரு, பிறகு மியூனிக்கில வேலை. லீவு கிடைச்சா ஆல்ப்ஸ் மலைக்குப் போய் செடி பிடுங்கி உலர்த்திச் சேர்ப்பாரு. அதனால பிரபுன்னு சொன்னவருட்ட சொல்லுங்க, கைவேலைக்காரன்தான். மண்ணு அள்ளினவன், தொட்டி சுமந்தவன்.

1856-ல ஒரு ஜெர்மன் கம்பெனி அவரைத் தென் பிரேசிலுக்கு அனுப்பிச்சு, அங்க ஒரு செடி வியாபாரம் தொடங்குறதுக்கு. ரெண்டே வருசம். 1858-ல ஊரில தாய்க் கம்பெனி திவால். கடல் கடந்து போன ஆளு கையில காசு இல்லாம நின்னாரு. வயசு இருபத்தெட்டு. அன்னிய ஊரு, அன்னிய பாஷை, வாயில தடங்கல்.

இந்த இடத்தில நான் எப்பவும் கொஞ்சம் நிறுத்துவேன். எனக்கும் ஒரு தடவை இது நடந்தது. ஒரு இடத்தில நாலாயிரம் தைக்கு ஒட்டு வச்சேன். ரப்பர் ஒட்டு வச்சா மூணு வாரம் கழிச்சுக் கட்டை அவிழ்த்து, லேசாச் சுரண்டிப் பாக்கணும். பச்சை தெரிஞ்சா பிடிச்சிருக்கு, கறுத்திருந்தா போச்சு. கட்டு அவிழ்க்க வேண்டிய வாரத்தில முதலாளி கடையை மூடிட்டுப் போயிட்டாரு. பதினொரு வாரக் கூலி நின்னு போச்சு. ஆனா நான் போய் கட்டை அவிழ்த்தேன். பச்சையா நிக்கிற மொட்டை பாலிதீனுக்குள்ள விட்டுட்டு எப்படி வீட்டில இருக்கிறது?

வாலிஸும் வீட்டுக்குத் திரும்பல. பிரஸ்ஸல்ஸில லிண்டன்னு ஒருத்தர், ழான் லிண்டன், ஐரோப்பாவில பெரிய செடி வியாபாரி. அவருக்கு எழுதி, நான் உங்களுக்குச் செடி தேடித் தாறேன்னு வேலை கேட்டாரு. கிடைச்சதும் புறப்பட்டாரு. எங்க? அமேசான் ஆத்தின் முகத்துவாரத்தில இருந்து அது பிறக்கிற மலை வரைக்கும். நம்ம குழித்துறை ஆறு மலையில பிறந்து தேங்காப்பட்டணத்தில கடலில சேருறதைக் காலையில பஸ் ஏறினா சாயங்காலத்துக்குள்ள பாத்துட்டு வந்திடலாம். அமேசான் ஏறக்குறைய 6,400 கிலோமீட்டர். அதையும் அவரு எதிர்நீரோட்டத்தில போனாரு, கிளையாறுகளுக்குள்ளயும் புகுந்து புகுந்து. கண்டத்தையே ஒரு கரையில இருந்து குறுக்க கடந்த பயணம் அது. பிறகு பெரு, ஈக்வடார், கொலம்பியா.

அந்த அமேசான் காடுதான் பிள்ளே, நமக்குச் சோறு போடுற ரெண்டு பயிருக்கும் தாய்வீடு. மரச்சீனி, அதான் மரவள்ளி, அங்கத்தது. விசாகம் திருநாள் மகாராஜா திருவிதாங்கூரில அதைப் பரப்பின காலத்துக்கு ஒரு இருபது வருசம் முன்னால வாலிஸ் அந்த ஆத்தில போயிருக்காரு. ரப்பரும் அங்கத்ததுதான். 1876-ல விக்கம்ங்கிற வெள்ளைக்காரர் 70,000 விதை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு போனாரு, அதில முளைச்சது மூவாயிரத்துக்கும் குறைவு. அந்த வம்சம்தான் ஆசியாவில ரப்பராப் பெருகினது, நான் ஒட்டினதும் அதுதான்.

செடியை உயிரோட அனுப்புறது எப்படின்னு அந்தப் பிள்ளைக்குச் சொல்லுங்க, பிடிக்கும். 1829-ல லண்டனில வார்டுன்னு ஒரு டாக்டர், அந்துப்பூச்சிக் கூட்டை மண்ணோட ஒரு மூடின கண்ணாடிக் குப்பியில வச்சிருந்தாரு. பூச்சியைப் பாக்கப் போனா, மண்ணில பன்னச்செடி முளைச்சிருக்கு. தண்ணி ஊத்தாமலே. உள்ள ஆவியாகிற ஈரம் கண்ணாடியில பட்டு மறுபடியும் மண்ணுக்கே வடியுது. அதை வச்சு மரச்சட்டத்தில கண்ணாடிப் பெட்டி செஞ்சாங்க. 1833-ல அந்தப் பெட்டியில செடி வச்சு சிட்னி வரைக்கும் கப்பலில அனுப்பிப் பாத்தாங்க, பிழைச்சது. உப்புக்காத்து உள்ள போகாது, நல்ல தண்ணி வெளிய போகாது. அதுக்கு முன்னால கப்பலில ஏத்துற செடியில பெரும்பாலும் கருகித்தான் போகும்.

1870-ல இங்கிலாந்து வீச் நர்சரி அவரைப் பிலிப்பைன்ஸுக்கு அனுப்பிச்சு, ஆர்க்கிட் கொண்டுவர. செலவு ரெம்ப ஆச்சு, பலன் இல்ல. திரும்பக் கூப்பிட்டுட்டாங்க. 1872 டிசம்பரில அதே கம்பெனிக்காகக் கொலம்பியா. அங்கதான் பெரிய பெரிய ஆந்தூரியம் கண்டாரு. ஒண்ணுக்கு இலை மட்டும் ஒரு மீட்டருக்கு மேல நீளும், மேல எல்லாம் மடிப்பு மடிப்பா, சலவை செஞ்சு கொசுவம் வச்ச வேட்டி மாதிரி. மாறாமலைப் பக்கம் ஆந்தூரியம் போடுறவங்க கேட்டா அதுக்க விலையைச் சொல்லுவாங்க.

1874-ல அந்த வேலையும் முடிஞ்சது. அதுக்குப் பிறகு யாருக்கும் கீழ இல்லாம தானாவே போனாரு. காய்ச்சல் வந்து விழுந்தாரு, எழும்பினாரு. 1878 மார்ச்சில எழுதின கடிதம் ஈக்வடாரில குவென்காங்கிற ஊரில இருந்து. 2,500 மீட்டர் உயரத்தில இருக்கிற மலை ஊரு. மறுபடியும் காய்ச்சல், கூட வயித்துக்கடுப்பு. அங்க ஆஸ்பத்திரியில 1878 ஜூன் 20-ல செத்துப்போனாரு. நாப்பத்தெட்டு வயசு. செடிக்கு அவரு பேரு வந்து ஒரு வருசம்தான் ஆகியிருந்தது.

இவ்வளவையும் பலகையில எழுத முடியாது. ஆனா ஆறு வயசு வரைக்கும் பேச்சு வராத பிள்ளைங்கிறதை மட்டும் விட்டுறாதீங்க. எந்த வீட்டில எந்தப் பிள்ளை அதைக் காதில வாங்குமோ.


கோதையாத்துக்காரன், பேச்சிப்பாறை:

அண்ணாச்சி, உங்க எழுத்தை ரெண்டு தடவை வாசிச்சேன். அந்த ஒட்டுக் கதை மனசை என்னமோ செஞ்சுட்டு. ஆனா ஒண்ணு கேக்கணும், தப்பா எடுத்துக்காதீங்க.

எனக்க அம்மா காணிக்காரி, இந்த மலையில வாழுற காணி பழங்குடி. எங்க மலையில வெளியாளு யாரும் தனியா ஒரு செடியைக் கண்டுபிடிச்சது கிடையாது. முன்னால ஒரு காணிக்காரர் நடப்பாரு, அவரு கை காட்டுவாரு, பின்னால வாறவர் எழுதிக்கிடுவாரு. 1987-ல அகத்தியமலையில விஞ்ஞானிகளோட போன காணிக்காரங்க ஒரு சின்னக் காயைத் தின்னுக்கிட்டு களைப்பே இல்லாம நடந்தாங்க. அதைக் கேட்டுத்தான் ஆரோக்கியப்பச்சைங்கிற அந்தச் செடி வெளிய தெரிஞ்சது. நல்லவேளை, அதில இருந்து செஞ்ச மருந்துக்கு வந்த உரிமத்தொகையில பாதி காணி மக்களுக்குன்னு முடிவு ஆச்சு. அதுக்கு முந்நூறு வருசம் முன்னாடி, 1678-ல, மலபார் செடிகளைப் பத்தி டச்சுக்காரங்க போட்ட ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்ங்கிற புத்தகத்துக்க முதல் பாகம் வந்தப்போ இட்டி அச்சுதன் வைத்தியர் பேரும் அவரு கொடுத்த வாக்குமூலமும் அச்சில வந்திச்சு.

வாலிஸ் 6,400 கிலோமீட்டர் எதிர்நீரோட்டத்தில போனாருன்னா துடுப்பு போட்டது யாரு? ராத்திரி எந்தக் கரையில ஒதுங்கலாம்னு சொன்னது யாரு? அந்தச் செடிக்கு அங்கத்த மக்கள் வச்ச பேரு ஒண்ணு இருந்திருக்கும். அதையும் அந்தப் பிள்ளைகிட்ட சொல்லணும்.


ஒட்டுக்காரன், குலசேகரம்:

தம்பி, நீ சொன்னது முழுக்கச் சரி. நான் அவரு பட்டபாட்டையே பாத்துக்கிட்டு இருந்ததில துடுப்பு போட்டவனை விட்டுட்டேன். நானும் கூலிக்காரன், எனக்கு இது முதலிலேயே தோணியிருக்கணும்.

இன்னொண்ணும் சேத்துச் சொல்லுதேன். மடிப்பு மடிப்பா இலை உள்ள ஆந்தூரியம்னு எழுதினேன்ல, அதுக்குப் பேரு ஆந்தூரியம் வீச்சி. வீச்சுடையது. காட்டில கண்டவர் வாலிஸ், பேரு லண்டனில இருந்த முதலாளிக்கு. முதலாளிக்குக் கீழ வாலிஸ், வாலிஸுக்குக் கீழ படகுக்காரன். மேல இருக்கிறவனுக்குப் பெரிய இலை, நடுவில உள்ளவனுக்குச் சின்னப் பாளை, கீழ உள்ளவனுக்கு ஒண்ணும் இல்ல. குலசேகரத்தில எந்த ரப்பர் விளையிலயும் நான் ஒட்டின மரம் இதுன்னு காட்ட ஒரு அடையாளமும் கிடையாது, மரம் மட்டும் பால் தருது.

பிள்ளே, பலகையில படகுக்காரங்களுக்கும் ஒரு வரி போடுங்க.


தோட்டக்கலை மாணவர், நாகர்கோவில்:

அண்ணாச்சி, அந்த நோட்டை ஒரு நாள் வந்து பாக்கலாமா? போன் பண்ணாம நேரா வாறேன்.


செடிக்கடை, திருவட்டாறு:

எல்லாருக்கும் நன்றி. முந்தாநாள் ராத்திரி உக்காந்து பழைய பலகையை அழிச்சு எழுதினேன். தகரத்தில இடம் பத்தல, ரெண்டு பலகையாக் கட்டித் தொங்க விட்டிருக்கேன். இப்படி இருக்கு:

"பீஸ் லில்லி. ஸ்பாத்திபில்லம் வாலிசி. சேம்புக்குச் சொந்தம். ஊர்: கொலம்பியா. நிழலில் வைக்கவும், மண் காயும்போது தண்ணி விடவும், கடிக்கக் கூடாது. வாலிஸ் என்பது குஸ்தாவ் வாலிஸ் (1830–1878). ஆறு வயது வரை பேச்சு வராத பிள்ளை. தோட்டவேலை படித்தார். வேலை கொடுத்த கம்பெனி திவாலான பிறகும் ஊர் திரும்பாமல், அமேசான் ஆற்றின் வாயிலிருந்து தலை வரை செடி தேடிப் போனார். படகு ஓட்டியவர்களும் வழி காட்டியவர்களும் அந்த ஊர் மக்கள்."

ஞாயித்துக்கிழமை பிள்ளை வந்தா. பாட்டி கையை விட்டுட்டு நேரா அங்கதான் ஓடினா. உரக்க வாசிக்க ஆரம்பிச்சவ, 'பேச்சு வராத பிள்ளை' வந்ததும் குரலைத் தாழ்த்திட்டா. மிச்சத்தை மனசுக்குள்ள வாசிச்சா. அப்புறம் திரும்பி, "அவரு தம்பி மாதிரியா அத்தே?"ன்னு கேட்டா. எனக்கு முதல்ல விளங்கல. பாட்டிதான் சொன்னாங்க, வீட்டில இவளுக்குக் கீழ ஒரு பையன், அஞ்சு வயசு, இன்னும் பேச்சு தெளியல, வாரத்துக்கு ரெண்டு நாளு மார்த்தாண்டத்துக்குப் பயிற்சிக்குக் கூட்டிட்டுப் போறாங்கன்னு.

ஒட்டுக்கார அண்ணாச்சி, அந்த வரியை விட்டுறாதேன்னு நீங்க சொன்னீங்க. அதைச் சொல்லத்தான் இதை எழுதுதேன்.

சகிரிச்சோறும் சாணிப்பொடியும் கலந்த தொட்டியில இருந்த ஒரு சின்னச் செடியை, அசல் வாலிசியா இருக்கும்னு தோணினதை, எடுத்துக் கொடுத்தேன். காசு வேண்டாம்னேன், பாட்டி கேக்கல, வாழைத்தார் வெட்டும்போது ஒரு சீப்பு மட்டி கொண்டாறேன்னுட்டாங்க. போகும்போது ஒண்ணு கேட்டாங்க: "சேம்புக்குச் சொந்தம்னா, அலக்குற கல்லுக்குப் பக்கத்தில சேம்பு நிக்கிற இடத்தில நட்டா வருமா?"

வரும்னேன். நேர் வெயில் மட்டும் படக்கூடாது, சோப்புத் தண்ணி வேரில நிக்கக்கூடாதுன்னு சொல்லி அனுப்பினேன்.